சைகோனிலிருந்து இரண்டே நாள்

ஊரில் எல்லோரையும் கிண்டல் செய்து திரிந்த என்னை, ஓர் ஆகாய விமானம் கிண்டல் செய்துவிட்டது.

என் மகள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். சைகோனில் வேலை பார்த்த மாப்பிள்ளைக்குத் தந்தி கொடுத்தோம். கல்கத்தா வரை விமானத்தில் வருவதாகப் பதில் வந்தது. "ரெண்டே நாளுல கல்கத்தாவுல எறக்கி வுட்டுடும்பா," என்றார், சைகோனில் இருந்து திரும்பிய கடைக்கார பாய்.

இரண்டு நாள் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மகள் கண் திறந்து, "அவரு வரலியாப்பா?" என்றாள். விமானம் கடலில் விழுந்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். வேண்டுதல் பலித்த பிறகுதான் மொட்டை போடுவார்கள். எனக்கு அதுவரை உயிர் தாங்காது. மாப்பிள்ளை உயிரோடு வர வேண்டுமென்று வீராம்பட்டினத்துக்கு ஓடி, அம்மனுக்கு முன்கூட்டியே தலைமுடியையும் மீசையையும் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் ஒவ்வொரு ரயிலுக்கும் வில்லியனூர் ஸ்டேஷனில் போய் நின்றேன். ஐந்தாம் நாள் மாப்பிள்ளை இறங்கினார். கடலை இரண்டு நாளில் தாண்டியவருக்குக் கல்கத்தாவிலிருந்து ரயிலில் வர மூன்று நாள். அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

சிரித்துக்கொண்டே ஓடினேன். என் தலையைப் பார்த்ததும் அவர் பெட்டியைக் கீழே போட்டார். புருஷன் ஊரில் இல்லாதபோது மகளுக்குக் கொள்ளி வைத்த தகப்பனின் தலையாக அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"எப்ப மாமா எடுத்தீங்க?"

"ஐயோ மாப்ள, அவ வூட்டுல கஞ்சி குடிச்சிகினு இருக்கா. இது உங்களுக்காகப் போட்ட மொட்டை."

மீசை வளர்ந்துவிட்டது. பெட்டியைக் கீழே போட்ட மாப்பிள்ளையின் முகத்தை நினைத்தால் மட்டும் இன்றும் எனக்குக் கிண்டல் வருவதில்லை.