சீனி போட்டுக் கொடுத்த தூக்குவாளி

என் அடுக்களை அலமாரியின் மேல்தட்டில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி இருக்கிறது. மூடியில் சின்னக் குமிழ், கைப்பிடியில் லேசான நெளிவு. அடியை ஒட்டிப் புள்ளிப் புள்ளியாக என் மகளின் பெயர் வெட்டியிருக்கிறது. அதற்குக் கீழே 'அத்தை மாமா அன்பளிப்பு' என்று இருக்கிறது. பாத்திரக்கடைக்காரர் அவசரத்தில் வெட்டியிருக்க வேண்டும், கடைசி எழுத்து கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. ஒருமுறை வாங்கிக்கொண்டு, அன்றைக்கே திருப்பிக் கொடுத்து, பல வருஷம் கழித்துக் கேட்காமலே என் கைக்கு வந்து சேர்ந்த பாத்திரம் அது. வீட்டு வேலைக்கு வரும் பெண் இரண்டு தடவை கேட்டுவிட்டாள், "சும்மாதான கெடக்கு, உளுந்து போட்டு வச்சிரட்டுமாக்கா?" என்று. வேண்டாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அதைக் கொடுத்தவள் என் மதினி, அண்ணனின் மனைவி. அண்ணன் ஏரலில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிற வேலையில் இருந்தான். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். அந்த வீட்டுக்குச் சாத்தான்குளத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தாள் மதினி. வந்த முதல் மாதத்திலேயே எங்கள் வீட்டுச் சட்டி பானையின் ஆழம் அவளுக்குத் தெரிந்துபோனது. பீர்க்கங்காய் வாங்கினால் சதை கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. வாழைக்காய்த் தோலைப் பொடிப் பொடியாக அரிந்து தட்டப்பயறோடு வதக்கினால் அது ஒரு பொரியல். மழை நாளில் காணம் என்கிற கொள்ளை வறுத்து, இரண்டு மிளகாய் வத்தல், ஒரு சுளை புளி, நாலு பல் பூண்டு வைத்து அம்மியில் அரைத்துவிடுவாள். அன்றைக்குக் குழம்பும் அதுதான், தொட்டுக்கொள்ளவும் அதுதான். சனிக்கிழமையானால் தோலுளுந்தும் அரிசியும் தேங்காய்ப்பூவும் வெந்தயமும் போட்டுப் பொங்கிய உளுந்தஞ்சோறு. எங்கள் வீட்டில் தட்டுப்பாடு என்று ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. வேளாவேளைக்கு வயிறு நிறைந்தவளுக்கு எப்படித் தெரியும்?

நான் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தேன். திங்கள்கிழமை காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒரு சட்டியில் பருப்புப்பொடி, இன்னொன்றில் புளிமிளகாய் என்று மதினி கட்டிக் கொடுப்பாள். துவரம்பருப்பும் பொரிகடலையும் மிளகும் பெருங்காயமும்தான் அந்தப் பொடி. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றும் இல்லை. ஆனால் விடுதியில் என் அறைக்காரிகள் அத்தனை பேரும் அதற்காகத்தான் என்னோடு சண்டை போடாமல் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் திரும்பும்போது அந்தச் சட்டிகள் காலியாக வரும். பாதி நாள் கழுவாமலே வரும். எனக்கே ஒருமுறை கூச்சமாகி, "வெறுஞ்சட்டியக் கொண்டு வந்துருக்கேன் மதினி, கழுவக்கூட இல்ல" என்றேன். "வெறுஞ்சட்டியா வந்தாத்தான எனக்குச் சந்தோசம். மிச்சம் வச்சிருந்தா நல்லாயில்லன்னுல்லா அர்த்தம்" என்றாள். எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தால்கூட அந்தக் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். அது அடுத்த வீட்டுக்காரர்களுக்கு உள்ள வழக்கம். எனக்கும் மதினிக்கும் நடுவில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

யார் வீட்டில் நல்லது நடந்தாலும் மதினி கொண்டுபோவது முந்திரிக்கொத்துதான். கடையில் வாங்கிப் போகிற வசதி இல்லை என்பது ஒரு பக்கம். தன் கையால் செய்யாததைக் கொடுத்தால் கொடுத்த மாதிரியே அவளுக்கு இருக்காது என்பது இன்னொரு பக்கம். சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்துத் திரித்துக்கொள்வாள். தேங்காய்ப்பூவை ஈரம் துளியும் இல்லாமல் சிவக்க வறுப்பாள். அதில் சோம்பல்பட்டால் நாலாம் நாளே காறிப்போகும் என்பாள். உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து, மண் வடிகட்டி, பாகு காய்ச்சி, எள்ளும் சுக்கும் ஏலமும் சேர்த்து, கை பொறுக்காத சூட்டிலேயே உருட்ட வேண்டும். பிறகு மஞ்சள் போட்ட அரிசிமாவுக் கரைசலில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டிக்கொள்ளும்படி எண்ணெயில் விடுவாள். உருட்டி முடித்த அன்று அவள் உள்ளங்கை சிவந்துபோய்க் கிடக்கும். கேட்டால், "செத்த நேரத்துல சரியாயிரும்" என்பாள்.

என் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அதற்குள் நான் வேறு ஆளாகியிருந்தேன். வங்கி அதிகாரியின் மனைவி, பாளையங்கோட்டையில் சொந்த வீடு. அழைப்பிதழ் அட்டையின் கனத்தை விரலால் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற அளவுக்குப் பெரிய மனுஷி. மாப்பிள்ளை வீட்டார் மதுரையில் வசதியானவர்கள். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம் எனக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது. மண்டபத்தில் சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்திருந்தோம். கண்ணாடித்தாள் சுற்றிய பழக்கூடைகளும் டெல்லியிலிருந்து வரவழைத்த இனிப்புப் பெட்டிகளும் இருந்தன. அந்த வரிசையின் கடைசியில், ஒரு மஞ்சப்பையிலிருந்து தூக்குவாளியின் மூடி எட்டிப் பார்த்தது. மதினிதான் கொண்டுவந்து வைத்திருந்தாள். சம்பந்தியம்மா படியேறி வருவதைப் பார்த்தேன். மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். அங்கிருந்த வேலைக்காரம்மாவிடம், "இதுல உள்ளத பந்தல் போட்ட ஆளுங்களுக்குக் குடுத்துரு. வாளியக் கழுவி ஒரு கை சீனி போட்டு அதே பையில வையி" என்றேன். வாளியை நான் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து வாயில் போட்டிருந்தால் எத்தனை நொடி ஆகியிருக்கும்?

மத்தியானம் அண்ணனும் மதினியும் ஊருக்குக் கிளம்பினார்கள். சம்பந்தியம்மாவும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் மஞ்சப்பையை மதினி கையில் கொடுத்தேன். "மறந்துட்டுப் போறீங்களே மதினி, உங்க வாளி." மதினி பையைத் திறந்து பார்த்தாள். மூடியைத் தூக்கினாள். உள்ளே இருந்த சீனியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "சீனி என்னத்துக்கு?" என்றாள். "வெறும் பாத்திரத்தைக் குடுக்கலாமா?" என்றேன் நான், பெருமையாக. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரி, நேரமாச்சு, வாரேன்" என்று பையை மடியோடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். பந்தல்காரர்கள் வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொத்து தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் அவள் போக வேண்டியிருந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உறவுக்காரிக்குச் செய்ய வேண்டிய மரியாதையைக் குறைவில்லாமல் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகும் மதினி எனக்கு அனுப்பாமல் இருந்ததில்லை. பருப்புப்பொடி வந்தது, எள்ளுப்பொடி வந்தது, தீபாவளிக்கு முந்திரிக்கொத்தும் வந்தது. ஆனால் எல்லாம் பொட்டலமாக வந்தன. செய்தித்தாளில் மடித்து நூல் சுற்றியது, வாழைச்சருகில் கட்டியது, பால் கவரைக் கழுவிக் காயவைத்து அதில் போட்டது. பொட்டலத்தைப் பிரிக்கும்போது பாதிப் பொடி தரையில் சிந்தும், எனக்கு எரிச்சல் வரும். ஒருநாள் ஏரலுக்குப் போயிருந்தபோது கேலியாகவே கேட்டுவிட்டேன். "என்ன மதினி, ஒரு டப்பால போட்டு அனுப்பக் கூடாதா? பாத்திரம் திரும்பி வராதுன்னு பயமா?" மதினி அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சிரித்தாள். "இல்ல, திரும்பி வந்துரும்னுதான்" என்றாள். நானும் சிரித்தேன். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று நினைத்து, என்னவென்றுகூடக் கேட்காமல் காபியைக் குடித்து முடித்தேன். இன்றைக்கு நினைத்தால் அந்தச் சிரிப்புக்காகவே என்னை நான் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன ஐப்பசியில் மதினி இறந்துபோனாள். மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் மூச்சுத்திணறல், அவ்வளவுதான். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அண்ணன் பரணில் இருந்ததையெல்லாம் இறக்கிக்கொண்டிருந்தான். பழைய வேட்டித் துண்டில் சுற்றி ஒரு தூக்குவாளி இருந்தது. துண்டைப் பிரித்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினான். "ஏட்டி, இதுல உம் மவ பேரு போட்டுருக்கு. உங்க வீட்டுப் பாத்திரம் இங்கன எப்படி வந்துச்சு? பாவம், உங்க மதினி குடுக்க மறந்துருப்பா. கொண்டு போ" என்றான். கீழ்வரி அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. மதினி தானே போய்ப் பேர் வெட்டி வாங்கியதை அவனிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. வாங்கிப் பார்த்தேன். அத்தை மாமா அன்பளிப்பு. கல்யாணத்துக்கு அவள் கொண்டுவந்த பரிசு முந்திரிக்கொத்து இல்லை, இந்த வாளி. அதை நான் கழுவி, யாரோ ஒரு அடுத்த வீட்டுக்காரிக்குப் போடுகிற மாதிரி ஒரு கை சீனியைப் போட்டு, அவள் கையிலேயே திணித்து அனுப்பியிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாவி. "ஏட்டி, இது உம் மவளுக்குன்னு பேர் வெட்டி வாங்குனது" என்று சொல்லியிருந்தால் நான் அங்கேயே காலில் விழுந்திருப்பேனே. விழுந்திருப்பேனா? அன்றைக்கு இருந்த நான் விழுந்திருக்க மாட்டேன், சம்பந்தியம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மதினிக்கு அது தெரிந்திருக்கும்.

எனக்கு அழுகை வந்ததைப் பார்த்து அண்ணன், மதினியை நினைத்து அழுகிறேன் என்று எண்ணிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அடுக்களைக்குள் போய் எதையோ உருட்டினான். பிறகு வந்து வாளியை வாங்கி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் இருந்த பருப்புப்பொடியை அதில் கவிழ்த்தான். அடியில் ஒட்டியிருந்ததைக்கூடத் தட்டிப் போட்டான். "காய்ச்சல் வரதுக்கு முந்தின நாள் திரிச்சது. வெறும் பாத்திரத்தையா குடுத்து விடுவாங்க?" என்றான். மதினியின் கை பட்ட கடைசிப் பொடி அது.

வீட்டுக்கு வந்ததும் ஒன்று முடிவு செய்தேன். இந்த வாளியை என் மகள் கையில் சேர்ப்பிக்க வேண்டும். மதினிக்கு நான் இனிமேல் செய்யக்கூடிய காரியம் அது ஒன்றுதான். பெங்களூரில் இருக்கிற மகள் பொங்கலுக்கு வரும்வரை அந்தப் பொடியை நான் தொடவில்லை. அவள் வந்தாள். சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டாள். "அத்தை பொடி மாதிரியே இருக்கும்மா" என்றாள். அத்தை பொடிதான் என்றேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் அழுதாள். பிறகு வாளியைக் காட்டி, "இது உனக்கு. உன் கல்யாணத்துக்கு அத்தை குடுத்தது, பேர் பாரு" என்றேன். பெயரைத் தடவிப் பார்த்தவள், "இத்தன வருஷமா எங்கன இருந்துச்சு?" என்று கேட்டாள். "இங்கனதான் எங்கயோ கெடந்தது" என்றேன். இந்த வயதிலும் எனக்கு மகள் முன்னால் நல்லவளாக இருக்க வேண்டியிருக்கிறது.

ஊருக்குக் கிளம்புகிற காலையில் அவள் பெட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். நான் வாளியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவள் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, பொடியை அதில் கொட்டி, ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டித் துணிகளுக்கு நடுவில் செருகினாள். வாளியை என்னிடம் நீட்டினாள். "பெட்டில இடமே இல்லம்மா. இது இங்கயே இருக்கட்டும், அடுத்த தடவ எடுத்துக்கிடுதேன்." கொண்டு போ என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஆட்டோ வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. கை நீட்டி வாங்கிக்கொண்டேன். உள்ளே பொடியின் மஞ்சள் இன்னும் ஒட்டியிருந்தது. மதினி சொன்னது சரிதான், அது திரும்பி வந்துவிட்டது.