எர்வினுக்குக் கருமருந்து தேடி

“...ஒண்டே ஒண்டுதான் தம்பி அந்த மனிசன் கேட்டது, சத்தமில்லாம என்னை மண்ணுக்க தாட்டுப்போடாதை எண்டு. நானும் ஓம் எண்டிட்டன்,” என்று சொல்லிக்கொண்டே சிவா அண்ணை காரின் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டினார்.

ஜனவரி முதல் வாரம், வெள்ளிக்கிழமை. துணைக்கு வரச் சொல்லி அண்ணை கூப்பிட்டதால், ஸ்டுட்கார்ட்டிலிருந்து காலை ரயிலில் ஏறி, அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கைஸ்லிங்கன் நிலையத்தில் அப்போதுதான் இறங்கியிருந்தேன். அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. மலைமேல் அவர் குடியிருக்கும் ஊரில் வேட்டுக்குழு ஒன்று உண்டு. அதில் ஐவர், அண்ணையும் ஒருவர். ஒரு முழ நீளத்தில் கட்டைக் குழல், மரப்பிடி, உள்ளே கருமருந்து. குண்டு கிடையாது, சத்தம் மட்டும்தான். கல்யாணத்துக்கும் புத்தாண்டுக்கும் போடுவார்கள். குழுவில் ஒருவர் இறந்தால் கல்லறையில் மூன்று வேட்டு போட்டால்தான் அடக்கம் முடிந்ததாகக் கணக்கு.

இறந்தவர் எர்வின், அந்தக் குழுவின் மூத்தவர். கடைசி மாதங்களில் அண்ணை வேலை பார்க்கும் இல்லத்திலேயே படுத்திருந்தார். குளிப்பாட்டியது, சோறூட்டியது எல்லாம் அண்ணைதான். மதியம் இரண்டு மணிக்கு அடக்கம். ஐந்து குழல் இருக்கிறது. மருந்து ஒரு சிட்டிகைகூட இல்லை.

“ஏண்ணே, குழுவுக்கென்று மருந்து வைத்துக்கொள்ள மாட்டீர்களா?”

“வைச்சிருந்தனாங்கள். மற்ற நாலு பேரும் பிளாட்டில இருக்கிறம், அங்க வைக்க ஏலாது. எல்லாத்தையும் எர்வின்ர நிலவறையில வைச்சிட்டம். ஆள் செத்தா அவற்ர அனுமதியும் செத்துப்போகும் எண்டு ஒருத்தருக்கும் மண்டையில ஓடேல்ல. அவற்ர மனிசி அடுத்த நாளே அனுமதி குடுக்கிற ஒபிசுக்கு போன் அடிச்சுச் சொல்லிட்டுது. வந்து அள்ளிக்கொண்டு போட்டாங்கள். இந்த நாட்டுச் சனம் அழுதுகொண்டும் சட்டப்படிதான் நடக்கும்!”

சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

பக்கத்து ஊர்களில் கேட்டாயிற்றாம். எல்லோருமே புத்தாண்டு இரவில் இருந்ததைச் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். மற்ற மூவருக்கும் மதியம்வரை வேலை. இரவு வேலை முடிந்து வந்த அண்ணை தூங்காமல் கிளம்பிவிட்டார்.

முதலில் கோப்பிங்கன், இருபது கிலோமீட்டர். வேட்டைச் சாமான் கடை. சாக்குத் துணியும் பூட்ஸும் தொங்கின. மருந்து விற்பதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறதாம். சேமிக்கும் அறைக்குச் சட்டம் கேட்கிற கதவும் சுவரும் கட்ட வழியில்லை என்றார் கடைக்காரர். குன்ஸ்பூர்க்கில் ஒருவரிடம் இருக்கலாம் என்று அவரே போன் செய்து பார்த்தார். கருமருந்து இருக்கிறது என்று பதில் வந்தது. அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கோப்பிங்கனிலிருந்து உல்ம் வழியாக எண்பது கிலோமீட்டர். சாலையின் இரண்டு பக்கமும் சாம்பல் நிற வயல். காக்கைகூட இல்லை. உல்ம் தாண்டியதும் அண்ணை, நான் கேட்காமலே, “எங்கட அப்பாவைப் பறையில்லாமத்தான் எடுத்தனாங்கள்,” என்றார். “ஷெல்லடி. நாலு பேர் தூக்கினம். அம்மாவின்ர வாயை மாமி பொத்திக்கொண்டு வந்தவ, சத்தம் கேட்டாத் திரும்ப ஷெல் அடிப்பாங்கள் எண்டு. அதை நான் எர்வினுக்குச் சொன்னனான். கேட்டிட்டுக் கன நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது மனிசன். பிறகுதான் தன்னைச் சத்தமில்லாமத் தாட்டுப்போடாதை எண்டு கேட்டது.”

தெர்மாஸில் இருந்த தேநீரை ஊற்றி நீட்டினேன்.

குன்ஸ்பூர்க் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்த பெரியவர். அண்ணையின் அனுமதித் தாளை வாங்கிப் படித்தார். அலமாரியிலிருந்து கறுப்புப் போத்தல் ஒன்றை எடுத்தார். கிலோ முப்பத்துநான்கு யூரோ. அண்ணை பணப்பையைத் திறந்துவிட்டார். பெரியவர் தாளை இன்னொரு முறை படித்தார். போத்தலைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். என் அரைகுறை ஜெர்மனுக்கு அவர் பேசிய வேகம் எட்டவில்லை. அண்ணைதான் தமிழில் சொன்னார்.

“இது பொடி மருந்தாம். சுடுற துவக்குக்குப் போடுறது. வேட்டுக்குழலுக்குப் பெரிய மணியா, பருமணி வேணும், என்ர தாளிலயும் அதுதான் கிடக்காம். பருமணி இந்த மாதக் கடைசியிலதான் வருமாம்.”

பிறகு அவர் பக்கம் திரும்பி ஜெர்மனில் கெஞ்சினார். குறைத்துப் போட்டுச் சுடுகிறேன், மூன்றில் ஒரு பங்கு போதும் என்றார். அது எனக்கே புரிந்தது. பெரியவர் மறுத்துத் தலையை ஆட்டினார். தன் இடது கையைத் தூக்கி, வலது கையால் மணிக்கட்டில் வெட்டுவதுபோல் காட்டினார்.

“குழல் வெடிச்சு, தெரிஞ்ச ஆள் ஒருத்தருக்கு நடந்ததாம்,” என்றார் அண்ணை மெல்ல. “தம்பி, நீரும் ஒருக்காச் சொல்லிப் பாரும். நீர் வெடி ஊர்க்காரன்தானே.”

நான் சாத்தூர்க்காரன். எங்கள் பக்கம் மருந்துக்கு இவ்வளவு அலைய வேண்டாம். விரலில்லாத கையையும் வெந்துபோன முகத்தையும் பார்க்கவும் அலைய வேண்டாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருக்கும். என் பெரியப்பா மகன் அப்படித்தான், இடது கையால் சட்டைப் பொத்தான் போடப் பழகினான்.

“வேண்டாம்ணே. அவர் சொல்றது சரி,” என்றேன்.

அண்ணை என்னை ஒரு பார்வை பார்த்தார். தாளை மடித்துப் பையில் வைத்தார்.

நாங்கள் மலைமேல் ஊருக்குத் திரும்பிச் சேரும்போது மணி இரண்டு ஆகச் சில நிமிடங்கள். கல்லறைத் தோட்டம் தேவாலயத்துக்குப் பின்னால். முப்பது பேர் இருப்பார்கள், எல்லோரும் கறுப்பு. எர்வினின் மனைவி அண்ணையைக் கண்டதும் இரண்டடி முன்னால் வந்தார். கிடைத்ததா என்று கேட்டார். அண்ணை இல்லை என்றார். “அந்த அலுவலகத்துக்கு நான்தான்...” என்று தொடங்கிய அம்மா முடிக்கவில்லை. அண்ணை அவர் முழங்கையைப் பிடித்து, குழிக்கு அருகே கொண்டுபோய் விட்டார்.

நான்கு பேரும் வெறும் குழல்களைத் தரைநோக்கிக் கவிழ்த்துப் பிடித்து நின்றார்கள். போதகர் படித்து முடித்தார். பெட்டி கயிற்றில் இறங்கியது. வழக்கமாக வேட்டு முழங்கும் இடம் வந்ததும் போதகர் பழக்கதோஷத்தில் காதைப் பொத்தக் கையைத் தூக்கி, கீழே போட்டார். யாரும் அசையவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் போகும் லாரியின் இரைச்சல்கூடக் கேட்டது.

சிவா அண்ணை குழலைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தார். வந்தவர்கள் ஒவ்வொரு பிடி மண் போடுவதற்காகச் சட்டியில் சலித்த மண்ணும் சின்னக் கரண்டியும் வைத்திருந்தார்கள். அதைத் தொடாமல் கடந்து போனார். தோண்டிக் குவித்திருந்த மண் இரவில் உறைந்து கல்லாகியிருந்தது. தேங்காய் அளவு கட்டி ஒன்றை இரண்டு கையாலும் பெயர்த்தெடுத்தார். தலைக்குமேல் தூக்கி, குழிக்குள் ஓங்கிப் போட்டார். பெட்டியின் பலகை ‘டம்’ என்று அதிர்ந்தது. கூட்டத்தில் யாரோ “ஐயோ” என்கிற மாதிரி மூச்சை இழுத்தார்கள்.

அண்ணை குனிந்து, இரண்டாவது கட்டியை எடுத்தார்.