தகப்பன் வேஷம்

நாவலூர் என்பது ஒரு தூர தேசம் என்று ஒன்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா அங்கேதான் இருந்தார். ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர், எனக்கு ஏழு வயது நடக்கும்போது, இனி நாவலூரிலேயே தங்கி டூட்டி என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால், நாவலூர் ரொம்பத் தூரம் என்பாள் அம்மா. இன்று அதே நாவலூரில்தான் எனக்கு வேலை. செம்பாக்கத்தில் பஸ் ஏறினால் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக, எவ்வளவு நெரிசல் இருந்தாலும் காலையில் தின்ற இட்லி செரிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறேன். அம்மாவுக்கு அந்த வழி தெரியாமல் இல்லை.

அம்மா தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். எழுந்து நடக்க முடியாதவர்களைத் துடைத்துவிடுவது, படுக்கைவிரிப்பு மாற்றுவது, பெட்பேன் எடுப்பது எல்லாம் அவள் வேலை. வீட்டுக்கு வந்ததும் என்னைத் தொடமாட்டாள். முதலில் குளியலறைக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வருவாள். அப்படியும் அவள் கையில் டெட்டால் வாசனை இருந்துகொண்டே இருக்கும். எனக்கு அது பிடிக்காது.

எங்கள் சபை, ஏரிக்கரைக்குப் போகிற தெருவின் கடைசியில், தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கட்டடம். பாஸ்டர் நல்ல மனிதர். இதை இப்போதும் சொல்வேன். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் போய் நிற்பார். அவருக்குப் பிடித்த பொருள் ஒன்றுதான்: ஆண்டவர் நம்முடைய தகப்பன். ராஜா என்றும் நியாயாதிபதி என்றும் மற்றவர்கள் பிரசங்கிக்கும்போது, இவர் மட்டும் சுற்றிச் சுற்றித் தகப்பனிடமே வந்து சேருவார். அந்தத் தகப்பன் கோபத்தை நினைவில் வைக்கமாட்டார், போன பிள்ளைக்காக வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார், வந்தவனிடம் ஒரு கேள்வி கேட்கமாட்டார் என்று சொல்லும்போது பாஸ்டருக்கே குரல் கம்மிவிடும். நான் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து, அப்படி ஒருவர் வானத்தில் இருக்கிறார் என்பதைவிட, அப்படி ஒருவர் நாவலூரில் இருக்கிறார் என்றுதான் நினைத்துக்கொள்வேன். எனக்குத் தெரிந்து தொலைவில் இருந்த தகப்பன் அவர் ஒருவர்தானே.

எனக்கு ஒன்பது வயது நடந்த வருஷம் சண்டே ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு, வீட்டைவிட்டுப் போய்ச் சீரழிந்து திரும்பி வந்த மகனை, தகப்பன் கன்றுக்குட்டி அடித்து விருந்து வைத்து ஏற்றுக்கொள்கிற பைபிள் கதையை நாடகமாகப் போட்டார்கள். எனக்குத் தகப்பன் வேஷம். பையன்கள் யாருக்கும் வசனம் மனப்பாடமாகவில்லை, நான் உயரமாகவும் இருந்தேன், அவ்வளவுதான் காரணம். பாஸ்டரே வந்து ஒத்திகை பார்த்தார். மகனைத் தூரத்தில் பார்த்ததும் நான் ஓட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மேடை சின்னது, ஓடினால் இடித்துக்கொள்வேன் என்றேன். இடித்தாலும் பரவாயில்லை, தகப்பன் ஓடுவதுதான் இந்தக் கதையின் உயிர் என்றார். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து பஞ்சு கேட்டு வாங்கி வந்து எனக்குத் தாடி செய்தாள். தன்னுடைய பழைய சால்வையைத் தோளில் மடித்துப் பின் குத்திப் பார்த்தாள். தாடியோடு என்னைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தது நினைவிருக்கிறது.

விழாவுக்குச் சில நாள் முன்பு பெருங்களத்தூரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். அவர் வந்தால் எனக்குச் சோன்பப்டி வரும். அன்றைக்கு வெறுங்கையோடு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். நான் உள்ளே தாடியை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசியது கேட்டது.

"அந்தாளு கால் ஒடைஞ்சி கெடக்கிறான். லாரிக்காரன் அடிச்சிட்டான். அந்தப் பொம்பள கைய விரிச்சிட்டு அவ அம்மா வூட்டுக்குப் போயிட்டாளாம். உங்க பாஸ்டரு ஆஸ்பத்திரி வரைக்கும் போயி பார்த்துகினு வந்துகிறாரு. இப்போ உன்னாண்டதான் வருவாங்க. சேத்துக்கினே, அப்புறம் நான் இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்."

அம்மா சொன்ன பதில் என் காதில் விழவில்லை. எந்தப் பொம்பளை, எந்த வீடு என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்குக் கால் உடைந்துவிட்டது என்பது மட்டும் விளங்கி, உள்ளேயே உட்கார்ந்து அழுதேன். மறுநாள் மாலை பாஸ்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். அம்மா தேநீர் கொடுத்தாள். அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் அம்மா, யோசிக்க வேண்டும், கொஞ்ச நாள் கொடுங்கள் என்றாள். பாஸ்டர் எழுந்து, ஜெபிப்போம் சகோதரி, ஆண்டவர் உங்களோடு பேசுவார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆண்டவர் பேசும் வரைக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை.

விழா அன்று நாடகம் நன்றாகவே நடந்தது. மகன் மேய்க்கும் பன்றிகளாக வந்த சின்னப் பிள்ளைகள் வசனத்தை மறந்து நிஜமாகவே உறுமிக்கொண்டிருந்தார்கள். கிழிந்த சட்டையோடு மகன் மேடையின் அந்த மூலையில் தோன்றியதும் நான் ஓடினேன். கட்டிக்கொண்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். அப்போது பாஸ்டர் மைக்கை எடுத்து, கதை இன்னும் முடியவில்லை, இன்றைக்கு நம் நடுவில் ஒருவர் தூர தேசத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறார் என்றார். பின்பக்கக் கதவு திறந்தது. சபையைச் சேர்ந்த அண்ணன்மார் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, வலது காலில் மாவுக்கட்டோடு, இளைத்துக் கறுத்து, அப்பா உள்ளே வந்தார்.

யாரும் சொல்லிக்கொடுக்காமலே நான் மறுபடி ஓடினேன். மேடையிலிருந்து குதித்து, பாய்களுக்கு நடுவே, தாடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்க ஓடிப்போய் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவர் குனிய முடியாமல் என் தலையைத் தடவி, பாப்பா, பாப்பா என்று அழுதார். சபையே அழுதது. தாடி வைத்த தகப்பன் ஒரு பெண்குழந்தையாகவும், ஓடிப்போன மகன் ஒரு தகப்பனாகவும் இருந்ததில் யாருக்கும் உறுத்தல் இல்லை. அவ்வளவு அழகாக அமைந்துவிட்டது என்று பிறகு பல மாதம் அதை ஆண்டவர் செய்த அற்புதத்துக்குச் சாட்சியாகச் சபையில் சொன்னார்கள்.

அம்மா பெண்கள் பக்கம் கடைசியில், டூட்டிப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். விழா முடிந்ததும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. பாஸ்டர் அவளை அழைத்தார். எல்லாத் தலைகளும் திரும்பின. பக்கத்தில் இருந்த அக்கா ஒருத்தி அவள் முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளினாள். அம்மா எழுந்து வந்தாள். பாஸ்டர் மைக்கை அவளிடம் நீட்டி, பரம தகப்பனுடைய இருதயத்தை ஆண்டவர் உங்களுக்குத் தந்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லுங்கள் சகோதரி என்றார். அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. அவர் இடுப்பைச் சுற்றியிருந்த என் கைகளைப் பார்த்தாள்.

"வரட்டும்," என்றாள்.

கூரை அதிர ஸ்தோத்திரம் சொன்னார்கள். அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை. சபை ஆட்கள் வாழ்த்த வருவார்கள் என்பதால் கோழி வாங்கிப் பிரியாணி செய்தாள். எல்லாரும் சாப்பிட்டு, ஜெபித்து, அப்பாவைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு அம்மா குழாயடியில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்பாவின் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டேன்.

மாமா சொன்னபடியே செய்தார். அதன் பிறகு அவர் வரவில்லை. என் கல்யாணத்துக்குக்கூட மண்டபத்துக்கு நேராக வந்து, சாப்பிடாமல் போய்விட்டார்.

அப்பாவின் கால் தேற ஆறேழு மாதம் ஆனது. ஆஸ்பத்திரியில் யாருக்கெல்லாமோ செய்ததை அம்மா வீட்டில் அப்பாவுக்கும் செய்தாள். துடைத்துவிட்டாள். பெட்பேன் எடுத்தாள். கட்டுப் பிரித்த பிறகு காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்தாள். அப்போதெல்லாம் அவள் அவரிடம் பேசியதாக நினைவில்லை. வலிக்குதா என்று மட்டும் கேட்பாள். அப்பாவோ பேச்சிலே மன்னர். எனக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டார். விசிலடிக்கக் கற்றுக்கொடுத்தார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது, என் செல்லம் வந்துடுச்சு என்று கட்டிலிலிருந்தே கைகளை விரிப்பார். அந்தக் கைகளில் பவுடர் வாசனை அடிக்கும்.

ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் சாட்சி சொன்னார். தகப்பனுடைய அன்பைப் பற்றி அவர் பேசினால் பாஸ்டர்கூடத் தோற்றுப்போவார். தகுதியில்லாத என்னை அவர் தூக்கி எடுத்தார், என் அழுக்கைக் கழுவினார், ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை என்று அப்பா சொல்லும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவரைத் தூக்கி எடுத்தது யார், கழுவியது யார் என்று யாரும் கேட்கவில்லை. வானத்தைப் பார்த்துத்தான் நன்றி சொன்னார்கள். அம்மா அங்கே இருக்கவும் மாட்டாள். வார நாளில் அடிக்கடி லீவு போட்டதற்கு ஈடாக ஞாயிறு டூட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். சகோதரி விசுவாசத்தில் கொஞ்சம் குளிர்ந்துபோய்விட்டார், அவருக்காக ஜெபிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். நானும் கண்ணை மூடி ஜெபித்தேன்.

ஒரு நாள் காலை, அம்மா வேலைக்குப் போன பிறகு, அப்பா தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, செக்கப்புக்குப் போய்விட்டு வருகிறேன் என்றார். ஊன்றுகோல் வேண்டாமா என்று கேட்டேன். இனிமே எதுக்குடா பாப்பா என்று சிரித்தார். மெயின் ரோடு வரை கூடவே போனேன். தாம்பரம் போகிற பக்கம் நிற்காமல், ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று, மேடவாக்கம் பஸ்ஸில் ஏறினார். கையசைத்தார். நானும் அசைத்தேன்.

மாலையில் அம்மாவிடம் சொன்னேன். எந்தப் பஸ் என்று கேட்டாள். சொன்னேன். அவள் சோற்றுக்கு அரிசி அளந்துகொண்டிருந்தாள். படியிலிருந்து ஒரு கை அரிசியை எடுத்துத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டு, மீதியைக் களைந்து உலையில் வைத்தாள். அவ்வளவுதான். அவள் ஒரு வார்த்தை அன்பாகப் பேசியிருந்தால் அப்பா போயிருக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. சபையிலும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு அது ஒரு ஆறுதலாக இருந்தது.

பாஸ்டர் திரும்ப வந்தார். இந்தத் தடவை தலை குனிந்துதான் உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் போகும்போது, பரம தகப்பன் கதவைத் தாழ் போடுவதில்லை சகோதரி, நாமும் போடக்கூடாது என்றார். அம்மா தேநீர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போய், அப்பா திரும்ப வந்தால் கதையில் வருகிற மாதிரி ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாயா என்று கேட்டேன். அவள் நிமிரவில்லை.

"அந்தக் கதையில வர்ற அப்பாகாரருக்கு வேலைக்காரங்க இருந்தாங்கடி," என்றாள். "கன்னுக்குட்டிய அடிச்சி ஆக்கிப் போட்டது அவங்க. வந்தவன் காலக் கழுவி, துணி மாத்தி வுட்டதும் அவங்கதான். அவருக்கு இன்னா, கட்டிப்புடிக்கிறது மட்டுந்தான் வேலை."

டம்ளர் கழுவுகிற சலிப்பில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இன்றும் அப்பா நாவலூர்ப் பக்கம்தான் எங்கோ இருக்கிறார் என்று கேள்வி. ஆபீஸுக்குப் போகும் வழியில் நான் அவரைத் தேடுவதில்லை. இரவில் என் மகளோடு சேர்ந்து ஜெபிக்கிறேன். தகப்பனே என்று அவள் தொடங்கும்போது நானும் தொடங்கப் பார்ப்பேன். சில நாள் வாய் வருவதில்லை.

அம்மா குழாயடியில் அப்படிச் சொன்னதற்கு அடுத்த ஞாயிறு, சண்டே ஸ்கூலில், கதையில் வரும் வேலைக்காரர்களுக்குப் பெயர் உண்டா என்று டீச்சர் அக்காவிடம் கேட்டேன். இல்லை, அவர்கள் முக்கியமில்லை என்றார். பிறகு, பரம தகப்பனின் குணங்களை யார் சொல்வீர்கள் என்று கேட்டார். நான் எழுந்தேன். அவர் பொறுமையுள்ளவர், கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வார், நம் அழுக்கைக் கழுவுவார், எப்போதும் நம் பக்கத்திலேயே இருப்பார் என்று தடுமாறாமல் ஒப்பித்தேன். அக்கா எல்லாரையும் கைதட்டச் சொன்னார். ஒவ்வொரு குணத்தையும் சொல்லும்போது எனக்குள் தெரிந்தது மேடவாக்கம் பஸ்ஸின் ஜன்னலில் கையசைத்த அப்பாவின் முகம். அதே நேரத்தில் அம்மா தாம்பரத்தில் ஏதோ ஒரு வார்டில், யாரோ ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பாள். அவள் முகம் எனக்கு நினைவுக்கே வரவில்லை.