தொப்பியின் மேற்பரப்பு

மேற்பரப்புப் பாடத்தை வெறும் வாயால் நடத்துவது எனக்குப் பிடிக்காது. சூத்திரத்தைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கும் பையன்களைக் கண்டாலே எரிச்சல் வரும். பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஓர் இங்கிலீஷ் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில், ஆறாம் வகுப்புப் பையன்களை ஆளுக்கொரு அட்டைப்பெட்டி கொண்டுவரச் சொல்வேன். ஓரங்களை வெட்டி மேசைமேல் விரித்துப்போட வேண்டும். பெட்டி தட்டையாகிவிட்டால் அளப்பது யாருக்கும் கஷ்டமில்லை.

ஒருவன் மட்டும் பெட்டிக்குப் பதிலாக, மலாய்க்காரர்கள் போடும் பழைய சொங்கோக் தொப்பி ஒன்றோடு வந்து நின்றான். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் அவன் அத்தாவுக்கு அந்தக் கறுப்பு வெல்வெட் தொப்பிகளைத் தைத்து விற்கும் கடை.

"இதுக்கு அடிப்பக்கம் கிடையாது சார். அப்ப மேல ஒண்ணு, சுத்தி ஒண்ணு, ரெண்டே துண்டுதானே?"

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தொப்பியைப் பிரித்தோம். சுற்றுத்துண்டு நீளமான பட்டையாக வந்தது. மேல்துண்டு நீள்வட்டம்; அதற்குப் பாடத்தில் சூத்திரம் இல்லை. கட்டம் போட்ட தாளில் அதை வைத்து வரைந்து, கட்டங்களை எண்ணி அவனே பரப்பளவைச் சொன்னான்.

பள்ளி விட்டதும் போகாமல் நின்றான்.

"பெருநாளோட படிப்ப நிறுத்திட்டுக் கடைக்கு வான்னு அத்தா சொல்றாங்க சார். படிச்சு என்ன ஆகப்போவுதுன்னு கேக்குறாங்க."

அவனுக்கு மேலே படிக்க ஆசை. என்னைப்போல வாத்தியாராக வேண்டும் என்ற பைத்தியக்கார எண்ணம் வேறு.

"படிப்பு எதுக்குன்னு அத்தாகிட்ட வாயால சொல்லாதே. கடையிலேயே செஞ்சு காட்டு" என்றேன்.

நோன்புப் பெருநாள் நெருங்க நெருங்க அந்தக் கடையில் மூச்சுவிட நேரமிருக்காது. அந்த நெருக்கடியில் அவன் வெல்வெட்டின் அகலத்துக்குக் காகிதம் ஒட்டி, பட்டைகளையும் நீள்வட்டங்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறான். வெல்வெட்டின் மயிர் ஒரே பக்கமாகப் படிய வேண்டும். துண்டுகளை இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. அதையும் பார்த்துக்கொண்டு, அதே துணியில் அத்தா வெட்டுவதைவிட அதிகத் தொப்பிகள் வெட்டிக் காட்டிவிட்டான். வந்து சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! இனி ஏழாம் வகுப்பு நிச்சயம் என்றே இருவரும் நினைத்தோம்.

பெருநாள் விடுமுறை முடிந்ததும் அவன் அத்தா பள்ளிக்கு வந்தார். கையில் எனக்காகத் தூக்குச்சட்டி நிறைய நெய்ச்சோறு. பின்னால் பையன், பள்ளிச் சட்டை இல்லாமல், கைலியில்.

"அல்லா உங்களுக்கு நல்லதச் செய்வான் சார். கடையில வருஷக்கணக்கா நின்னாலும் வராத வேலைய இங்கேயே பழக்கிட்டீங்க. இது போதும் லா. இனிமே வெட்டுற வேலை இவன்தான்."

அவர் குரலில் ஏளனம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்; அது எனக்கு நன்றாக வரும். மனமார நன்றி சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது?

"பாடம் இன்னும் முடியலையே. கூம்பு பாக்கி இருக்கு" என்று என்னவோ உளறினேன்.

"கூம்புத் தொப்பிய யாரு சார் வாங்குவா?" என்று சிரித்துக்கொண்டே அவர் வாசலுக்கு நடந்தார்.

பையன் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, அத்தாவுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டான்.

"நான் தப்பா வெட்டியிருக்கணுமா சார்?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கும் அப்போது, தப்பாக வெட்டியிருக்கலாம் என்றுதான் தோன்றியது.