பதினாறு கிலோமீட்டரை விட்டு எழுபத்தொன்று

1996, ஆடி மாதம், ஒரு புதன்கிழமை. பழனிச்சாமி மாமாவுக்கு டி.பி. மாத்திரை வாங்கத் துணைக்குப் போனேன். போகச் சொன்னது அம்மா. மாமா அவளுடைய தம்பி.

போத்தனூரில் 4.50க்கு முதல் பஸ். காந்திபுரத்தில் மாறி, கருமத்தம்பட்டியில் இறங்கும்போது 6.15. மாமா அங்கே விசைத்தறி ஓட்டினார். குடியிருந்ததும் தறிச் செட்டை ஒட்டி முதலாளி கட்டிய லைன் வீட்டில்தான். செட் வாசலில் முதலாளி நின்றிருந்தார்.

"ஏப்பா பழனிச்சாமி, உங்க குலசாமி மாசாமாசம் கெடா கேக்குதா?"

"தேங்காப்பழம் போதுமுங்க."

முதலாளி சிரித்தார். மாமா இருமலை அடக்கிக்கொண்டு நடந்தார். குலசாமி கோயிலுக்கு என்று சொல்லித்தான் மாதாமாதம் லீவு வாங்கினார்.

அவிநாசி பதினாறு கிலோமீட்டர். அங்கேயே மாத்திரை கிடைக்கும். நாங்கள் பஸ் மாறினோம். திருப்பூர், காங்கயம், அதற்கப்பால் பதினொரு கிலோமீட்டரில் மாமா பிறந்த ஊர். கருமத்தம்பட்டியிலிருந்து மொத்தம் எழுபத்தொன்று. அவருக்கு ஒரு வழிக்கே பதினான்கு ரூபாய். மாத்திரையை விட்டுவிட்டால் சுகாதார நிலையத்திலிருந்து வீடு தேடி ஆள் வருவார்கள். செட்டுக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் மாமா பிறந்த ஊரின் பழைய விலாசத்தைக் கொடுத்திருந்தார்.

9.50க்கு சுகாதார நிலையம் போய்ச் சேர்ந்தோம். நர்ஸ் அட்டையைப் புரட்டினார்.

"ஏனுங்க, பத்து நாள் விட்டுப்போட்டீங்களே?"

"லீவு கெடைக்கலீங்க அம்மணி. தறிக்கு ஆளில்லை."

"இப்படி விட்டு விட்டுத் தின்னா அப்பறம் எந்த மருந்தும் கேக்காதுங்க. அவிநாசிக்கே மாத்தித் தர்றனுங்க. இருக்கற ஊட்டு விலாசம் சொல்லுங்க."

"வேண்டாமுங்க. செட்டுல தெரிஞ்சா ஊட்டக் காலி பண்ணச் சொல்லிப்போடுவாங்க."

"சரி, பக்கத்துல சொந்தக்காரங்க விலாசம் இருந்தாலும் போதுமுங்க. அங்கயே மாத்தி எழுதிக்கலாம்."

எங்கள் போத்தனூர் விலாசத்தைச் சொன்னால் கோவைக்கு மாற்றியிருப்பார்கள். கருமத்தம்பட்டியிலிருந்து காந்திபுரத்துக்கு ஒரே பஸ். ஆனால் ஆள் தேடி வருவது எங்கள் வீட்டுக்கு. ஆடி முடிந்ததும் அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வேப்பமரம். ஒரு சைக்கிள்.

நர்ஸ் ஒரு மாத மாத்திரையை எண்ணிக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் மாமா கம்பியில் தலை சாய்த்துத் தூங்கினார். காங்கயம் வந்ததும் விழித்து, "பசிக்குதா கண்ணு?" என்று கேட்டார். இல்லை என்றேன். பசித்தது.

அடுத்த மாதம் தனியாகப் போனார். அதற்கடுத்த மாதம் போகவில்லை.

நான் படித்த படிப்பில் நோய்க்குக் காரணம் கிருமி. அன்று பார்த்தது தூரத்தை. அந்தத் தூரம் ரோட்டில் மட்டும் இல்லை.

இதுபோல மருந்துக்குப் போகிறவர்களுக்கு: காங்கயத்தில் 9.15 பஸ்ஸை விட்டால் அடுத்தது 11.40. பன்னிரண்டுக்கு சுகாதார நிலையத்தில் சீட்டு நிறுத்திவிடுவார்கள். அட்டையை மறக்காதீர்கள். சாப்பாடு கையில் இருக்கட்டும், காங்கயம் தாண்டினால் ஒன்றும் கிடைக்காது.

துணைக்குப் போகிறவர்களுக்கு ஒன்றுதான். விலாசம் கேட்டால் உங்களுடையதைச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை.