பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

எங்கள் கம்பெனியிலேயே விலை கூடிய எந்திரத்துக்கு இன்டர்நெட் கிடையாது. வரைபடங்கள் வெளியே போய்விடும் என்று வாடிக்கையாளருக்குப் பயம். அதன் செட்டிங்கைத் திறக்க ஆறு இலக்க எண் ஒன்று வேண்டும். அரை நிமிடத்துக்கொரு முறை மாறும் அந்த எண், பராமரிப்புப் பிரிவில் இருந்த என் போனில் வரும்.

இரண்டும் பேசிக்கொள்ளாமல் எப்படி ஒரே எண்ணைச் சொல்கின்றன என்று முதலில் எனக்கும் புரியவில்லை. எந்திரம் வந்த அன்றே இரண்டுக்கும் ஒரே ரகசியச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு இரண்டும் தத்தம் கடிகாரத்தைப் பார்த்து, சாவியோடு நேரத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்கின்றன. பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள் ஒரே பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம் வைப்பதில்லையா, அப்படி. நேரம் ஒத்துப்போகும்வரை எண்ணும் ஒத்துப்போகும்.

நேர விஷயத்தில் எங்கள் மேனேஜருக்குத் தனிக் கொள்கை உண்டு. சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைத்திருந்தார். காலை ஆறு மணி வேலை அந்தக் கடிகாரப்படி தொடங்கும். முடிவது கேட்டில் காவலர் அடிக்கும் மணிக்கு. அவரோ சரியான நேரம் பார்த்து அடிப்பவர். ஆப்பரேட்டர்களின் போன்கள் கேட்டிலேயே பெட்டிக்குள் போய்விடுவதால், மணி தினமும் தாமதமாக அடிக்கிறது என்று அந்த அப்பாவி மனிதரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். போன் வைத்திருந்த எங்களுக்கு உண்மை தெரியும். நாங்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள்.

அந்த எந்திரத்தை ஓட்டியவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கம்பெனிக்குப் பக்கத்திலிருந்த மூக்கண்டப்பள்ளியில் தோழிகளோடு ஓர் அறையில் இருந்தாள். வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அந்த வாரம் வர வேண்டியிருந்தது. வந்ததும் தனி வீடு பார்த்து அம்மாவை அழைத்துக்கொள்வேன் என்று கேன்டீனில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வருவதற்கு முந்தைய நாள் மேனேஜர் சுற்றி வந்தார். எந்திரத் திரையில் ஒரு நேரம், சுவரில் ஒரு நேரம். ஆடிட்டர் கண்ணில் பட்டால் வம்பு என்று, சுவரைப் பார்த்துத் திரையை மாற்றச் சொன்னார். அவளும் மாற்றினாள். செட்டிங்குக்கு அத்தனை பூட்டுப் போட்டவர்கள் கடிகாரத்தைத் திறந்த வீடாக விட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை, ஆடிட்டருக்குக் காட்டச் செட்டிங்கைத் திறக்க, நான் எண்ணைப் படிக்கப் படிக்க அவள் அடித்தாள். ஏற்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தும் ஏற்கவில்லை. ஆடிட்டர் ஆபீஸில் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஆறு எண்ணை ஒழுங்காக அடிக்கத் தெரியாதவளுக்கு நிரந்தர வேலை எதற்கு, கடிதத்தை நிறுத்திவைக்கிறேன் என்றார் மேனேஜர். அவள் கண் கலங்கியது. நான் எந்திரத்தை விற்ற பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டேன்.

"டைம் ஸரி இதியா நோடி ஸார்," என்று நேரம் சரியா என்பதைப் பார்க்கச் சொன்னார் அவர், கன்னடத்தில்.

சரியாகத்தான் இருக்கிறது, சுவர்க் கடிகாரத்தோடு அச்சாகப் பொருந்துகிறது என்றேன். போனிலும் அதே நேரம்தானா என்று கேட்டார். அப்போதுதான் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. என் போனைப் பார்த்துத் திரையின் நேரத்தைத் திருத்தும்படி அவளிடம் சொன்னேன். பத்து நிமிடம் பின்னால் வைத்தாள். அடுத்த எண்ணை எந்திரம் உடனே ஏற்றுக்கொண்டது.

அவள் திரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கடைசியில் மேனேஜரைப் பார்த்தாள்.

"அப்போ பெல்லு லேட்டா அடிக்கல. கடியாரந்தான் முந்தி ஓடுது. அப்படித்தான சார்?"

"ஆடிட்டர் வர்றாரு, வேலையப் பாரும்மா," என்றார் மேனேஜர்.

நிறுத்திவைப்பதாகச் சொன்ன கடிதம் அன்று மாலையே அவள் கைக்கு வந்தது. அத்தனை வேகத்தை நான் அந்தக் கம்பெனியில் அதற்கு முன் பார்த்ததில்லை. விஷயம் அதோடு முடிந்தது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் சுவர்க் கடிகாரம் ஆறு காட்டியது. எல்லா எந்திரங்களும் ஓடத் தொடங்கின. அவளுடையது மட்டும் ஓடவில்லை. மேனேஜர் வந்து எதிரே நின்றார். அவள் கையைக் கட்டிக்கொண்டு தன் திரையையே பார்த்திருந்தாள். அதில் ஆறு ஆனதும் பட்டனை அழுத்தினாள்.