அத்தை போட்ட கியர்

தன் பழைய ஆட்டோமேடிக் காருக்கு அடியில் சிவப்பாக ஆயில் தேங்கியிருப்பதைக் கண்டதும் தையல்காரி குனிந்து பார்த்தாள். கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிரவைக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் இரண்டு பைப்புகளும் துருப்பிடித்துப் பொத்தலாகியிருந்தன. இந்த வாரம் முடியாதென்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். அவளா சும்மா இருப்பாள்? புதுப் பைப்புகளை வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே காருக்கு அடியில் புகுந்துவிட்டாள்.

மதியத்துக்குள் பைப்புகளை மாட்டி, பழைய ஆயிலை வடித்துப் புதியதை ஊற்றியாயிற்று. இனி எங்காவது கசிகிறதா என்று அவள் பார்க்கும்போது, இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராக மாற்றிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். வீட்டில் இருந்தது மாமியார் மட்டும்தான். அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

"அத்தை, பிரேக்குலேருந்து மட்டும் காலை எடுத்துடாதீங்க!"

"எடுக்கலடி, நீ உன் வேலையைப் பாரு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு கியரைப் போட்டார் அத்தை.

அவள் ஓரமாக நின்று டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. அளவுக் குச்சியிலும் ஆயில் சரியான கோட்டில் நின்றது.

"முடிஞ்சுது அத்தை, இறங்குங்க."

அத்தை அசையவில்லை. "தெருமுனை வரைக்கும் நானே ஓட்டிப் பாக்கட்டுமா?" என்றார்.

தையல்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனாலும் அடுத்த ஞாயிறே, காலி மைதானம் ஒன்றில் அத்தைக்குப் பாடம் தொடங்கிவிட்டது.